ஒரே மாடல், இரண்டு ஒலி: வால்வுக் கருவிகளைச் சரிபார்த்த பிறகே ஒப்பிட வேண்டும், ஏன்?

கிருஷ்ணகிரியில் உள்ள என் பழுதுபார்க்கும் மேசைக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரே மாடலைச் சேர்ந்த இரண்டு வால்வுக் கம்ப்ரெசர்கள், அதாவது பாட்டில் உரக்க எழும் இடங்களைத் தானே அடக்கி ஒலியளவைச் சீராக்கும் கருவிகள், ஒரே நாளில் வந்து சேர்ந்தன. ஓசூரில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் நடத்தும் தம்பி ஒருவர் கொண்டுவந்தார். ஒன்று பல கைகள் மாறி அவரிடம் வந்த பழைய பதிப்பு. மற்றொன்று அதே மின்சுற்றை வைத்துப் பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் செய்யப்பட்ட புதிய பதிப்பு. “பழசுல பாட்டு கதகதன்னு உட்காருது அண்ணா, புதுசுல அது வரல. புதுசைக் கொடுத்துட்டு இன்னொரு பழசு தேடலாமான்னு யோசிக்கிறேன்” என்றார். அவருடைய காதைக் குறை சொல்ல எனக்குக் காரணம் இல்லை. நானும் கேட்டேன், வேறுபாடு தெளிவாகவே இருந்தது. ஆனால் அது பதிப்பின் வேறுபாடா, வயதின் வேறுபாடா, பழுதின் வேறுபாடா? இந்த மூன்றையும் பிரித்தறியாமல் வால்வுக் கருவிகளை ஒப்பிடுவது, தொண்டை கட்டியிருக்கும் நாளில் ஒருவரைப் பாடச் சொல்லி அவருடைய சாரீரத்தை எடைபோடுவதற்குச் சமம். பிரித்தறியும் வழியை, இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

வால்வு என்றால் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு வால்வு ரேடியோவும் திருவிழா மைக்செட்டும் நினைவுக்கு வரும். சுவிட்சைப் போட்டவுடன் அவை பாடுவதில்லை. உள்ளே இழை மெல்லச் சிவந்து, அரை நிமிடம் கழித்துத்தான் குரல் ஏறிவரும். அந்தக் காத்திருப்பிலேயே வால்வின் தத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குமிழுக்குள் கேத்தோடு என்ற உலோகக் குழல் இருக்கிறது. அதற்குள் இருக்கும் ஹீட்டர் இழை அதைச் சூடாக்குகிறது. போதிய சூடு ஏறியதும் கேத்தோடின் மேற்பூச்சிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. எதிரே, நூற்றுக்கணக்கான வோல்ட் நேர் மின்னழுத்தத்தில் வைக்கப்பட்ட பிளேட் என்னும் தகடு அவற்றை இழுத்துக்கொள்கிறது. 1904இல் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் செய்த வால்வில் சூடான இழையும் தகடும் மட்டுமே இருந்தன. அது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விட்டது. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவதாக ஒரு மின்முனையைச் சேர்த்தார். அதுதான் கிரிட். அதன்பிறகே வால்வு ஒலியைப் பெருக்கும் கருவியாக வளர்ந்தது.

ஏரி மதகின் திருகைத் திருப்புபவர் செலவிடும் பலம் கொஞ்சம்தான், ஆனால் அவர் கையசைவுக்கு ஏற்பக் கால்வாயில் ஓடும் தண்ணீர் ஏறி இறங்குகிறது. கிரிட் செய்வதும் அதையே. மைக்கிலிருந்து வரும் மிகச் சிறிய மின்னழுத்தம் கிரிட்டை அசைக்கிறது. அந்த அசைவு பிளேட்டை நோக்கி ஓடும் எலக்ட்ரான் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அந்த ஓட்டம் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகும்போது அதே வடிவத்தில் பெரிய மின்னழுத்தமாக நமக்குக் கிடைக்கிறது. இதில் நினைவில் நிறுத்த வேண்டியது ஒன்று: பாட்டே வராத நேரத்திலும் மதகு ஒரு குறிப்பிட்ட அளவுக்குத் திறந்திருக்க வேண்டும். அந்த நிலையான திறப்புக்குப் பயாஸ் என்று பெயர். கிரிட் எப்போதும் கேத்தோடைவிடச் சற்று எதிர் மின்னழுத்தத்தில் இருக்கும்படி சுற்று அமைக்கப்படுகிறது. பயாஸ் நகர்ந்தால் ஒலி மாறும். ஒப்பீட்டில் நாம் ஏமாறும் இடங்களில் பாதிக்குமேல் இங்கேதான் இருக்கின்றன.

ஒலிப்பதிவுக் கருவிகளில் அதிகம் காணப்படும் சிறு வால்வு 12ஏஎக்ஸ்7. ஐரோப்பியப் பெயர் இசிசி83, இரண்டும் ஒன்றே. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடுகள் (கேத்தோடு, கிரிட், பிளேட் என மூன்று மின்முனை கொண்டவை), ஒவ்வொன்றின் பெருக்கக் காரணி 100. இதே காலமைப்பு உள்ள 12ஏடி7க்கு அது சுமார் 60; 12ஏயு7க்கு 20க்கும் குறைவு. மூன்றும் ஒரே சாக்கெட்டில் உட்காரும் என்பதால், யாரோ மாற்றிச் செருகிவிட்ட வால்வுடன் பல ஆண்டுகள் ஓடிய கருவிகளை நான் பார்த்திருக்கிறேன். சாக்கெட் பொருந்துகிறது என்பதற்காக வால்வு பொருந்திவிடாது. ரஷ்ய 6என்2பி-யின் பெருக்கம் 12ஏஎக்ஸ்7ஐ ஒட்டியே இருக்கிறது. ஆனால் ஹீட்டர் இணைப்பு வேறு என்பதால் வயரிங்கை மாற்றாமல் அதைச் செருகக் கூடாது.

இந்த வால்வுகள் எல்லாம் கடல் கடந்து வந்தவை என்று நினைக்க வேண்டாம். பெங்களூரில் 1954இல் தொடங்கப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961இலேயே ரிசீவிங் வால்வுகளை, அதாவது ரேடியோ போன்றவற்றில் போடும் சிறு வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. ஓசூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் அந்த ஊரில் செய்யப்பட்ட ‘பெல்’ வால்வுகள், தருமபுரி, காரிமங்கலம், பாலக்கோடு பக்கத்துப் பழைய மைக்செட் கடைகளின் மரப்பெட்டிகளில் இன்றும் அட்டையோடு கிடைப்பதுண்டு. கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் சோதிக்காமல் கருவியில் போடவும் செய்யாதீர்கள்.

இனி ‘பதிப்பு’ என்ற சொல்லுக்கு வருவோம். பெயர்பெற்ற ஸ்டூடியோ கருவிகள் ஒரே உருவத்தில் தேங்கி நின்றவை அல்ல. 1949இல் வெளிவந்த நாய்மன் யு47 மைக்கில் விஎஃப்14 என்ற வால்வு இருந்தது. அந்த வால்வின் தயாரிப்பு நின்றுபோனபின், அதற்கு மாற்றாக நியூவிஸ்டர் எனப்படும் சிறு உலோக வால்வு பொருத்தப்பட்ட யு47களும் புழக்கத்துக்கு வந்தன. ஆகவே ‘யு47இன் ஒலி’ என்று ஒருவர் சொன்னால், எந்த வால்வுடன் என்று திருப்பிக் கேட்பது நியாயமான கேள்வி. பல்ட்டெக் நிறுவனத்தின் இக்யூபி-1ஏ ஈக்வலைசரில் தாழ்சுரங்களின், மேல்சுரங்களின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பகுதியில் வால்வே கிடையாது; அது காயில், கண்டென்சர், ரெசிஸ்டர் மட்டுமே கொண்ட வடிகட்டி. அதில் இழக்கும் ஒலியளவை மீட்டுத் தருவதற்காகப் பின்னால் ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 12ஏயு7 கொண்ட பெருக்கி இருக்கிறது. இதன் பதிப்புகளை ஒப்பிடுபவர் வால்வுக்குக் கொடுக்கும் கவனத்தை டிரான்ஸ்ஃபார்மருக்கும் காயிலுக்கும் கொடுக்க வேண்டும் என்பது இந்த அமைப்பைப் பார்த்தாலே விளங்கும்.

என் மேசைக்கு வந்த இரண்டும் டெலிட்ரோனிக்ஸ் எல்ஏ-2ஏ வகுத்த வழியில் இயங்குபவை என்பதால், அந்தக் கருவியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1960களின் தொடக்கத்தில் ஜிம் லாரன்ஸ் வடிவமைத்த இந்தக் கம்ப்ரெசர் ஒலியளவைக் குறைப்பதற்கு ஒளியைப் பயன்படுத்துகிறது. பாட்டின் ஒரு பங்கு, மின்சாரம் பட்டால் ஒளிரும் சிறு பலகைக்குச் செல்கிறது. பாடகர் குரலை உயர்த்தினால் பலகை கூடுதலாக ஒளிர்கிறது. அந்த ஒளி எதிரே இருக்கும் காட்மியம் சல்ஃபைடு ஒளிமின்தடை மீது விழுகிறது, தடை குறைகிறது, பாட்டின் மற்றொரு பங்கு அந்த வழியே தரைக்கு இறங்கிவிடுகிறது. பலகையும் ஒளிமின்தடையும் டி4 எனப்படும் ஒரே உறைக்குள், வால்வைப் போலவே சாக்கெட்டில் செருகிக் கழற்றும்படி இருக்கின்றன. உரக்க எழும் ஒலியைப் பிடிக்க, அதாவது அடக்க, சராசரியாக 10 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. விடும்போது பாதி அளவை 60 மில்லிநொடிகளில் விட்டுவிட்டு, மீதியை விட 1 முதல் 15 நொடிகள்வரை எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு ஒளியை எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதை ஒளிமின்தடை ஒருவகையில் நினைவில் வைத்திருப்பதே அதற்குக் காரணம். குரலுக்கு இது பொருந்திப்போவதன் இரகசியம் வால்வில் இருப்பதைவிட இந்த நினைவில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து.

ஒளிப்பலகை காலப்போக்கில் மங்கும். மங்கினால் கம்ப்ரெசர் தாமதமாகப் பிடிக்கும், குறைவாகப் பிடிக்கும். யுனிவர்சல் ஆடியோ நிறுவனம் இந்தக் கருவியின் மூன்று பதிப்புகளை மென்பொருளாக வெளியிட்டபோது, அவற்றுள் மிக மெதுவான எல்ஏ-2இன் தன்மைக்கு ஐம்பது ஆண்டுகளாக முதிர்ந்த ஒளிப்பலகையும் ஒரு காரணம் என்று தானே சொன்னது. பதிப்பின் குணமும் வயதின் குணமும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று எனக்குத் தெரியவில்லை.

கருவியைத் திறப்பதற்குமுன் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டிரான்சிஸ்டர் கருவிகளில் பழகிய கை, வால்வுக் கருவியில் அதே துணிச்சலைக் காட்டக் கூடாது. உள்ளே 250 முதல் 350 வோல்ட்வரை நேர்மின்சாரம் இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும், அந்த நேர்மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து தீப்பொறி பறக்கவிடும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. அது கண்டென்சருக்கும் கேடு, கைக்கும் கேடு. 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் நன்கு காப்பிட்ட கிளிப்பு போட்டுக் கண்டென்சரின் குறுக்கே சில நொடிகள் வைத்தால் அது அமைதியாக வடிந்துவிடும். பின்பு மீட்டரை வைத்து, வடிந்தது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். மின்சாரம் உள்ள நிலையில் அளக்க நேர்ந்தால் ஒரு கை மட்டும் வேலை செய்யட்டும், மறு கை சேசிஸைத் தொடாமல் விலகி இருக்கட்டும். இதைத் தனியாக, ஆளில்லாத அறையில் கற்றுக்கொள்ள வேண்டாம். அனுபவம் உள்ளவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது கற்றுக்கொள்ளுங்கள்.

பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த கருவியை நேரடியாகச் சுவரில் செருகவும் கூடாது. 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்து, அதன் வழியாக மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஒருமுறை மின்னி மங்கினால் அடுத்த படிக்குப் போகலாம். அமெரிக்காவிலிருந்து வந்த 117 வோல்ட் கருவி என்றால் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கணக்கிட்டுச் சுற்றிய பவர் டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. முதல் ஒரு மணி நேரம் அதன் சூட்டைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வயதால் கெடும் உறுப்புகளில் முதலிடம் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களுக்கு. அவை உலர்ந்து தம் கொள்ளளவை இழக்கும்போது ஸ்பீக்கரில் இரைச்சல் எழும். எந்த இரைச்சல் என்பதைக் காதாலேயே ஓரளவு பிரித்தறியலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை நேர்மின்சாரமாக்கும் முழு அலைத் திருத்தியிலிருந்து அது 100 ஹெர்ட்ஸ் அலைவோடு வெளிவருகிறது. எனவே 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால் ஃபில்டர் கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் கேட்டால் ஹீட்டர் வயரிங், வால்வுக்குள் ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் இடையிலான கசிவு, அல்லது இரண்டு இடங்களில் எர்த் ஆகியிருப்பது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு ஸ்தாயி. கீழ்ச் சட்ஜமத்தையும் மேல் சட்ஜமத்தையும் பிரித்தறியத் தெரிந்த எவருக்கும் இந்தச் சோதனை கைவரும். ஆர்மோனியக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் எளிது. பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் தம் மதிப்பில் மேல்நோக்கி நகரும். 100 கிலோ ஓம் என்று வண்ணக்கோடு சொல்லும் இடத்தில் மீட்டர் 130 காட்டுவது அபூர்வம் அல்ல. வால்வுகளில் சில காலப்போக்கில் மைக்கைப்போல நடந்துகொள்ளும். பென்சிலின் மரப்பகுதியால் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடிப்பதுபோலக் கேட்கும். சாக்கெட்டுகளும் சுவிட்சுகளும் அழுக்கேறும். கான்டாக்ட் கிளீனரால் துடைத்தால் போதும்.

இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது கப்ளிங் கண்டென்சர். தம்பியின் பழைய கருவியில் நடந்தது அதுதான், ஆகவே அளவுகளோடு சொல்கிறேன்.

ஒரு வால்வின் பிளேட்டிலிருந்து அடுத்த வால்வின் கிரிட்டுக்குப் பாட்டை மட்டும் கடத்திவிட்டு, பிளேட்டில் உள்ள உயர் நேர்மின்னழுத்தத்தை அண்டவிடாமல் தடுப்பது கப்ளிங் கண்டென்சரின் வேலை. அந்தச் சுற்றில் 250 வோல்ட் எச்.டி. (பிளேட்டுகளுக்குப் போகும் உயர் மின்னழுத்தம்), 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டர், 1.5 கிலோ ஓம் கேத்தோடு ரெசிஸ்டர், கிரிட்டிலிருந்து தரைக்கு 1 மெகா ஓம். நல்ல நிலையில் உள்ள 12ஏஎக்ஸ்7 இதில் சுமார் 0.95 மில்லி ஆம்பியர் இழுக்கும். அப்போது பிளேட்டில் 155 வோல்ட், கேத்தோடில் 1.4 வோல்ட், கிரிட்டில் சுழி இருக்க வேண்டும். புதிய கருவி ஏறக்குறைய இவற்றையே காட்டியது. பழைய கருவியின் இரண்டாம் கட்டத்திலோ பிளேட்டில் 105, கேத்தோடில் 2.2, கிரிட்டில் 1.6 வோல்ட். சுழி இருக்க வேண்டிய இடத்தில் 1.6 வோல்ட் எங்கிருந்து வந்தது?

இரண்டு காரணங்கள் இருக்க முடியும்: கண்டென்சர் கசிகிறது, அல்லது வால்வே கெட்டுக் கிரிட் மின்னோட்டம் உண்டாக்குகிறது. கண்டறிவது எளிது. அந்த வால்வைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டின் கிரிட் முனையில் மறுபடியும் அளந்தேன். 1.6 வோல்ட் அப்படியே நின்றது, குற்றம் கண்டென்சருடையது. கசிவின் அளவைக் கணக்கிட்டால் 2 மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு. 1 மெகா ஓம் வழியாக 1 மைக்ரோ ஆம்பியர் ஓடினாலே 1 வோல்ட் தோன்றிவிடும் என்பதால், இவ்வளவு சிறிய கசிவே பயாஸைக் குலைக்கப் போதுமானதாக இருக்கிறது. சாதாரண மல்டிமீட்டரில் ஓம் அளவையில் வைத்துப் பார்த்தால் இந்தக் கண்டென்சர் ‘நல்லது’ என்றுதான் காட்டும்.

விளைவு என்னவென்றால், கேத்தோடுக்கும் கிரிட்டுக்கும் இடையே 1.4 வோல்ட் இருக்க வேண்டிய இடைவெளி 0.6 ஆகச் சுருங்கிவிட்டது. பாட்டின் நேர்ப்பக்க அலைகள் உயரும்போது கிரிட் கேத்தோடை எட்டிவிடுகிறது, அலையின் தலை மழுங்குகிறது; எதிர்ப்பக்க அலைகள் தப்பிவிடுகின்றன. இப்படி ஒரு பக்கம் மட்டும் மழுங்கும்போது இரட்டை எண் ஹார்மோனிக்குகள், அதாவது மூலச் சுரத்தின் இரண்டு, நான்கு மடங்கு அதிர்வெண் கொண்ட துணை ஒலிகள் கூடுகின்றன. அவற்றுள் முதன்மையானது மேல் ஸ்தாயிச் சுரம் என்பதால் காதுக்கு அது பிசிறாகத் தோன்றாமல், குரல் தடித்து நெருங்கி வந்ததுபோலத் தோன்றுகிறது. தம்பி ‘கதகதப்பு’ என்று சொன்னது அதைத்தான். அவர் கேட்டது உண்மை; அதற்குப் ‘பழைய பதிப்பு’ என்று பெயர் வைத்தது மட்டுமே தவறு.

கண்டென்சரை 400 வோல்ட் தாங்கும் பிலிம் கண்டென்சராக மாற்றி, உலர்ந்த ஃபில்டர்களையும் 130 கிலோ ஓம் ஆகிவிட்டிருந்த ஒரு ரெசிஸ்டரையும் மாற்றினேன். இதன்பிறகுதான் ஒப்பீடு தொடங்குகிறது.

ஒப்பிடும்போது முதலில் சமப்படுத்த வேண்டியது மின்சாரம். எங்கள் தெருவில் பகலில் 230 வோல்ட் இருப்பது, மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் மோட்டாரும் ஓடும்போது 205க்கு இறங்கிவிடும் நாட்கள் உண்டு. அந்த நேரத்தில் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 5.6 வோல்ட்தான் போகும், எச்.டி.யும் அதே விகிதத்தில் இறங்கும். ஒரு கருவியைக் காலையிலும் மற்றதை மாலையிலும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னால், அது மின்வாரியத்தைப் பற்றிய தீர்ப்பாகவே இருக்கும். இரண்டையும் ஒரே ஸ்டெபிலைசரில், ஒரே நேரத்தில், அரை மணி நேரமாவது சூடேறவிட்டுப் பிறகு கேட்க வேண்டும்.

இரண்டாவது, ஒலியளவு. சற்றே உரக்கக் கேட்பதை நம் காது ‘நன்றாக இருக்கிறது’ என்று முடிவுகட்டிவிடும்; உரக்க இருக்கிறது என்பதை உணரவே உணராது. 1 டெசிபெல் என்பது மின்னழுத்தத்தில் 12 விழுக்காடு வேறுபாடு, இந்த ஏமாற்றுக்கு அதுவே போதும். 400 ஹெர்ட்ஸ் சீரான ஒலி ஒன்றை இரண்டு கருவிகளுக்கும் கொடுத்து, வெளியீட்டை மல்டிமீட்டரால் அளந்து, 0.1 டெசிபெல்லுக்குள் அதாவது ஒரு விழுக்காட்டு அளவுக்குள் கொண்டுவர வேண்டும்: ஒன்று 1.00 வோல்ட் காட்டினால் மற்றது 1.01ஐத் தாண்டக் கூடாது. கம்ப்ரெசர் என்பதால் கூடுதலாக ஒரு படி உண்டு. இரண்டும் ஒரே அளவு குறைப்பைக் காட்டும்படி, நாங்கள் 5 டெசிபெல்லுக்கு அமைத்தோம், குமிழ்களைத் திருப்ப வேண்டும். இரண்டின் குமிழ்களையும் ஒரே எண்ணில் வைப்பது சமப்படுத்துவது ஆகாது.

மூன்றாவது, எது ஒலிக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியக் கூடாது. ஒருவர் திரைக்குப் பின்னால் மாற்றிக்கொண்டிருக்க, மற்றவர் பத்து முறை எழுதிவைக்க வேண்டும். பத்தில் ஐந்து சரியென்றால் அது ஊகம். குருட்டாம்போக்கில் ஒன்பதோ பத்தோ சரியாக விழும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் ஒன்றுதான். ஆகவே அந்த அளவுக்கு வந்தால் வேறுபாட்டை நம்பலாம்.

எதைக் கேட்பது என்பதும் பெரிய விஷயம். தம்பியிடம் பென்னாகரம் பக்கத்துத் தெருக்கூத்துக் குழு ஒன்றைப் பதிவு செய்த ஒலி இருந்தது. இந்தச் சோதனைக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் கண்டதில்லை. முகவீணையின் கூர்மையான நாதம் சிறு சிதைவையும் மறைக்காமல் காட்டும். மிருதங்கத்தின் முதல் அடியும் அதைத் தொடரும் இடைவெளியும் கம்ப்ரெசர் எப்போது பிடித்தது, எப்போது விட்டது என்பதைச் சொல்லும். கட்டியங்காரன் பேச்சிலிருந்து பாட்டுக்குத் தாவும் இடத்தில் இரண்டும் சேர்ந்து வரும்.

பழுது நீக்குவதற்குமுன் பத்துக்குப் பத்து சரியாகச் சொன்ன தம்பி, நீக்கியபின் முகவீணையிலும் பாட்டிலும் பத்துக்கு ஆறுதான் சொன்னார். மிருதங்கத்தில் மட்டும் பத்துக்கு ஒன்பது. அங்கே உண்மையான வேறுபாடு ஒன்று மிச்சம் இருந்தது: பழைய கருவி தாமதமாகப் பிடித்து, தாமதமாக விட்டது. அது எதனால்? ஒளி உறைகள் இரண்டையும் கழற்றி ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருகினோம், குறைப்பளவை மறுபடி சமப்படுத்தினோம். வேறுபாடு உறையோடு இடம் மாறிவிட்டது. இப்போது புதிய கருவி தாமதமாக விட்டது. ஆகவே அது சுற்றின் பதிப்பால் வந்ததன்று. அந்த ஒரு உறுப்பால், அநேகமாக அதன் வயதால் வந்தது. சந்தேகப்படும் உறுப்பை இடம் மாற்றி, வேறுபாடு அதன் பின்னே போகிறதா என்று பார்க்கும் இந்த முறை வால்வு, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றுக்கும் பொருந்தும். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுவது சிரமம் என்பதால் பலரும் அதைச் செய்வதில்லை. ஆனால் மறுபதிப்புகளில் சுற்று அப்படியே இருந்து டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் வேறாக இருக்கும்போது, ஆழ்ந்த தாழ்சுரங்களில் உண்மையான வேறுபாடு வருவது அங்கேதான்.

வால்வை மாற்றிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ பழைய வால்வு வாங்கும்போது கண்ணாடியில் அச்சிட்ட பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரு நிறுவனம் செய்த வால்வில் மற்றொரு நிறுவனம் தன் பெயரை அச்சிட்டு விற்பது அந்தக் காலத்திலேயே வழக்கம். இன்று போலி அச்சும் உண்டு. உள்ளே இருக்கும் தகட்டின் வடிவத்தையும், சோதனைக் கருவி காட்டும் எண்ணையும் பாருங்கள்.

எல்லாம் முடிந்தபின் தம்பி தயங்கியபடி கேட்டார்: “அந்தப் பழைய கதகதப்பு இனிமே வராதா அண்ணா? எனக்கு அது புடிச்சிருந்துச்சே.” நியாயமான கேள்வி, அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. கசியும் கண்டென்சரை வைத்துக்கொண்டு அந்த ஒலியைப் பெற்றால், கசிவு மாதத்துக்கு மாதம் கூடும். இன்று தடித்துக் கேட்கும் குரல் ஒரு நாள் உடைந்து கேட்கும், வால்வும் தேயும். அதே பயாஸ் நகர்வைப் புதிய கருவியில் கேத்தோடு ரெசிஸ்டரைச் சிறிய மதிப்புக்கு மாற்றி, வேண்டுமென்றே உண்டாக்கலாம். ஒரு சுவிட்ச் போட்டால் வேண்டாதபோது நீக்கிக்கொள்ளலாம். அப்படியே செய்துகொடுத்தேன். இரண்டு கருவிகளையும் அவர் வைத்துக்கொண்டார். தாமதமாக விடும் உறை ஆர்மோனியத்துக்கும் பின்பாட்டுக்கும், மற்றது மிருதங்கத்துக்கும். இரண்டின் மூடியின் உட்புறத்திலும் ஒவ்வொரு வால்வின் பிளேட், கேத்தோடு, கிரிட் அளவுகளையும், அளந்த தேதியையும், அப்போது சுவரில் இருந்த வோல்டேஜையும் ஒரு தாளில் எழுதி ஒட்டி அனுப்பினேன்.